சிவப்புப் பொட்டு வைத்த கறிவேப்பிலை அழகி

கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் வீட்டுப் பின்வாசலில், பழைய பெயிண்ட் வாளி ஒன்றில் கறிவேப்பிலைச் செடி நிற்கிறது. சென்ற ஆண்டு அதில் புழு வந்தது. முதல் சில நாள் பறவை எச்சம் விழுந்து காய்ந்ததுபோல் பழுப்பும் வெள்ளையுமாகக் கிடந்தன. அப்புறம் ஒருநாள் தோலை உரித்துவிட்டுப் பச்சையாகிவிட்டன. தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து சிவந்த கொம்பு மாதிரி ஒன்றை நீட்டும். குப்பென்று ஒரு நெடி வரும். தாளிக்க இலை மிஞ்சாது போலிருக்கிறதே என்று அம்மா மருந்தடிக்கச் சொன்னார். ஐந்தாம் ஆண்டு படிக்கும் என் அண்ணன் மகள் விடவில்லை. "வேண்டாம் அத்தை, ராமா-ராமா ஆகட்டும்" என்று செடிக்குக் காவல் இருந்தாள். ராமா-ராமா என்றால் மலாயில் பட்டாம்பூச்சி.

கறிவேப்பிலையில் பச்சைப் புழு என்றால் பெரும்பாலும் இரண்டே பேர்தான். ஒன்று எலுமிச்சை அழகி, மற்றது கறிவேப்பிலை அழகி. கறிவேப்பிலை அழகியைக் கோலாலம்பூரில் பார்க்காதவர்கள் குறைவு. உள்ளங்கை அகலக் கருப்புப் பட்டாம்பூச்சி, பின்னிறக்கையின் குறுக்கே வெள்ளை மணி கோத்ததுபோல் ஒரு பட்டை. அப்படி ஒன்றைத்தான் எதிர்பார்த்தோம். கூட்டுப்புழு சுவரோரம் தொங்கிப் பத்து நாள் போல இருக்கும், ஒரு காலையில் கூடு வெடித்தது. ஈர இறக்கையை விரித்துக்கொண்டு வெளியே வந்ததில் அந்த வெள்ளைப் பட்டையைக் காணோம். பின்னிறக்கையின் நடுவில் வெள்ளைத் திட்டு, ஓரமெல்லாம் சிவப்புப் பொட்டு. "இது வேற பூச்சி. நம்ம செடியில இது எப்படி வந்துச்சு?" என்றார் அம்மா. அண்ணன் மகள் கைப்பேசியில் படமெடுத்து ஒரு செயலியிடம் கேட்டாள். அது ரோஜா அழகி என்றது. ஆங்கிலத்தில் காமன் ரோஸ்.

செயலி சொன்னது தவறு. அது தவறு என்று நிச்சயமாகச் சொல்ல எனக்கு இறக்கையைப் பார்க்கவே தேவைப்படவில்லை. ரோஜா அழகியின் புழு கறிவேப்பிலையைத் தின்னாது, தின்று வளரவும் முடியாது. எங்கள் கண்முன்னே கறிவேப்பிலை தின்று வளர்ந்த ஒன்று ரோஜா அழகியாக இருக்க வழியே இல்லை. அது கறிவேப்பிலை அழகிதான். பெண். ரோஜா அழகியைப் போல வேடம் கட்டிக்கொண்ட பெண்.

இந்த வேடத்துக்கு உயிரியலில் மிமிக்ரி என்று பெயர். மேடையில் ஒருவர் இன்னொருவர் குரலில் பேசிக்காட்டுவதை நாம் மிமிக்ரி என்கிறோமே, அதே சொல்தான். அங்கே குரல், இங்கே உருவம். யாரைப் பார்த்து வேடம் கட்டப்படுகிறதோ அதை அசல் என்றும், வேடம் கட்டியதை நகல் என்றும் இந்தக் கட்டுரையில் சொல்கிறேன். ஆனால் ஒன்றை முதலிலேயே மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்: எந்தப் பட்டாம்பூச்சியும் இன்னொன்றைப் பார்த்து, யோசித்து, அதைப்போல மாறவில்லை. பல தலைமுறைகளாக, அசலைப் போலக் கொஞ்சம் தோன்றியவை கொஞ்சம் கூடுதலாகப் பிழைத்தன. அவற்றின் குஞ்சுகளில் இன்னும் நெருங்கிய சாயல் உள்ளவை இன்னும் கூடுதலாகப் பிழைத்தன. அவ்வளவுதான். சிற்பி இல்லாமல் செதுக்கப்பட்ட சாயல் அது.

செதுக்கியது பறவையின் அலகு. ரோஜா அழகியின் புழு ஈசுவரமூலி, ஆடுதின்னாப்பாளை ஆகியவற்றின் குடும்பத்துக் கொடிகளை மட்டுமே தின்னும். அந்தக் கொடிகளில் அரிஸ்டோலோக்கிக் அமிலம் என்ற நஞ்சு இருக்கிறது. ஆடுகூடத் தின்னாது என்று நம் முன்னோர் பெயரிலேயே எழுதிவைத்த செடிக் குடும்பம். புழு அந்த நஞ்சைத் தன் உடம்பிலேயே சேர்த்துவைத்துக்கொள்கிறது. பட்டாம்பூச்சியான பிறகும் அது உடம்பில் இருக்கிறது. அனுபவமில்லாத ஓர் இளம் கரிச்சான் ரோஜா அழகியைக் கொத்தினால் வாயெல்லாம் கசந்துபோகும். சூடு கண்ட பூனை அடுப்பங்கரை நாடாது. அடுத்த முறை கருப்பு இறக்கையில் வெள்ளைத் திட்டும் சிவப்புப் பொட்டும் தெரிந்தாலே அந்தக் கரிச்சான் ஒதுங்கிவிடும். இந்தப் பயத்தில்தான் நகல் குளிர்காய்கிறது. கறிவேப்பிலை அழகியின் உடம்பில் அந்த நஞ்சு கிடையாது. நாம் சமையலுக்குப் போடும் இலையைத் தின்று வளர்ந்தது அது. பறவைக்கு நல்ல தீனி. ஆனாலும் வேடம் காப்பாற்றிவிடுகிறது.

இதை முதலில் முறையாக எழுதியவர் ஹென்றி வால்டர் பேட்ஸ் என்ற ஆங்கிலேயர். 1848ல் அமேசான் காட்டுக்குப் போய்ப் பதினொரு ஆண்டுகள் அங்கே பூச்சி சேகரித்தவர். வெள்ளையன் குடும்பத்தைச் சேர்ந்த சில பட்டாம்பூச்சிகள், தம் குடும்பச் சாயலே இல்லாமல், நஞ்சுள்ள வேறொரு குடும்பத்தைப் போல இருப்பதைக் கவனித்து 1862ல் கட்டுரை வெளியிட்டார். அவர் நினைவாகத்தான் நஞ்சில்லாத நகல், நஞ்சுள்ள அசலைப் போலிருப்பதை பேட்ஸ் வகை மிமிக்ரி என்கிறார்கள். அவரோடு ஒரே கப்பலில் அமேசானுக்குப் போன நண்பர் ஆல்பிரட் ரஸல் வாலஸ் 1854ல் நம் பக்கம் வந்தார். சிங்கப்பூர், மலாக்கா, போர்னியோ என்று எட்டு ஆண்டுகள் சுற்றினார்.

நம் கறிவேப்பிலை அழகிக்கும் வாலஸுக்கும் நேரான தொடர்பு உண்டு. உயிரினங்களுக்குப் பெயரிடும் முறையை உண்டாக்கிய லின்னேயஸ் 1758ல் இந்தப் பட்டாம்பூச்சிக்கு இரண்டு பெயர் வைத்துவிட்டார். வெள்ளைப் பட்டை உள்ளதற்கு பம்மோன், சிவப்புப் பொட்டு உள்ளதற்கு பொலிட்டஸ். கணவன் ஓரினம், மனைவி வேறினம் என்று ஏட்டில் பிரிந்து கிடந்தன. வெவ்வேறாகத் தோன்றும் இந்தப் பெண்கள் எல்லாம் ஒரே இனத்தின் பெண்களே என்பதை 1865ல் வெளியான தன் கட்டுரையில் வாலஸ் விரிவாக எடுத்துக்காட்டினார். இன்றைக்கு இருவருக்கும் சேர்த்து பப்பிலியோ பொலிட்டஸ் என்ற ஒரே பெயர்தான். அதனால் ஒரு செயலியோ, புதிதாகப் பார்ப்பவரோ இதில் தடுமாறினால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

சரி, தோட்டத்தில் சிவப்புப் பொட்டு ஒன்று பறந்து வருகிறது. அசலா, நகலா? எப்படிச் சொல்வது?

முதலில் உடம்பைப் பாருங்கள். நம் கண் இயல்பாக இறக்கைக்குத்தான் போகும். பறவையின் கண்ணும் அப்படியே. வேடம் முழுக்க இறக்கையில் இருப்பது அதனால்தான். ரோஜா அழகியின் தலையிலும், மார்பின் பக்கங்களிலும், வயிற்றிலும் குங்குமச் சிவப்பு இருக்கும். பூவில் உட்கார்ந்திருக்கும்போது பக்கவாட்டில் பார்த்தால் சிவப்பு தூக்கலாகத் தெரியும். கறிவேப்பிலை அழகியின் உடம்பு கருப்பு. தலையையும் மார்பையும் ஒட்டிச் சின்ன வெள்ளைப் புள்ளிகள் இருக்கலாம், சிவப்பு இருக்காது. இந்த ஒரு குறிப்பே போதும், நூற்றில் நூறு முறை தீர்ந்துவிடும். எங்கள் வீட்டில் பிறந்ததைத் திருப்பிப் பார்த்தோம். வயிறு கரி மாதிரி இருந்தது.

உடம்பு தெரியாத தூரத்தில் பறந்தால் நடையைப் பாருங்கள். ரோஜா அழகிக்கு அவசரமே கிடையாது. தேர் அசைந்து வருவதுபோல, தாழ்வாக, நேராக வரும். தன்னை யாரும் தொடமாட்டார்கள் என்ற தைரியம் உள்ள பறத்தல் அது. நகல் பெண்ணும் அமைதியான நேரத்தில் மெதுவாகப் பறக்கப் பார்க்கும், அந்த அளவுக்கு வேடம் போயிருக்கிறது. ஆனால் நாம் ஓரடி எடுத்துவைத்தாலோ, நிழல் மேலே விழுந்தாலோ வேடம் கலைந்துவிடும். மேலும் கீழும் வெட்டி வெட்டி, எந்தப் பக்கம் போகிறது என்று புரியாதபடி பாயும். கறிவேப்பிலை அழகிகளின் குடும்பப் பறத்தல் அது. நான் தோட்டத்தில் இதை அடிக்கடி செய்து பார்ப்பேன்: மெல்லக் கையை உயர்த்துவேன். அசல் தன் போக்கில் போகும். நகல் வேலி தாண்டிவிடும்.

இறக்கையிலும் வித்தியாசங்கள் உண்டு, ஆனால் அவை நல்ல படம் கையில் இருந்தால்தான் உதவும். ரோஜா அழகியின் முன்னிறக்கை ஒடுங்கி நீண்டிருக்கும், நகலுக்குச் சற்று அகலம். அசலின் பின்னிறக்கை ஓரப் பொட்டுகள் அடிப்பக்கத்தில் பெரும்பாலும் உருண்டை. நகலுக்குப் பிறைபோல வளைந்திருக்கும். வால் இருவருக்கும் உண்டு, அதை நம்ப வேண்டாம்.

அப்புறம் செடி. முட்டையிடும் பெண்ணைப் பின்தொடர முடிந்தால் அதைவிடச் சிறந்த சாட்சி இல்லை. வயிற்றை வளைத்துக் கறிவேப்பிலை, எலுமிச்சை, நார்த்தை இலைகளைத் தொட்டுத் தொட்டுப் போனால் நகல். இதய வடிவ இலையுள்ள கொடியைச் சுற்றிச் சுற்றி வந்தால் அசல். பெண் தன் பிள்ளைக்குச் சோறு எது என்பதில் வேடம் போடமுடியாது.

இதைச் சொன்னதும் அண்ணன் மகள் நல்ல கேள்வி ஒன்று கேட்டாள். "அப்படின்னா ஆண் ஏன் வேஷம் போடல? அதையும் கரிச்சான் தின்னுமே?" தின்னும்தான். அறிவியலாளர்கள் இதற்குச் சொல்லும் காரணங்களில் இரண்டு எனக்குப் பிடித்தவை. பெண்ணுக்கு வயிறு நிறைய முட்டைப் பாரம். அதோடு செடி செடியாக நின்று நிதானித்து இலை தேட வேண்டும். அந்த நேரத்தில் பாய்ந்து தப்ப முடியாது. அதனால் வேடத்தின் பயன் அவளுக்கு அதிகம். இன்னொன்று, ஆணின் பழைய உடுப்பைப் பார்த்துத்தான் பெண் அவனைத் தன் இனம் என்று ஏற்கிறாள் என்றால், உடுப்பை மாற்றிக்கொண்ட ஆணுக்குத் துணை கிடைப்பது கடினம்.

அடுத்த கேள்வி அதைவிடக் கூர்மை. இவ்வளவு லாபம் என்றால் எல்லாப் பெண்களும் வேடம் போட்டிருக்க வேண்டாமா? ஏனென்றால் கறிவேப்பிலை அழகியில் வேடமில்லாத பெண்களும் உண்டு. அவை ஆணைப்போலவே வெள்ளைப் பட்டை அணிந்திருக்கும். கூர்ந்து பார்க்காவிட்டால் ஆணென்றே நினைத்துவிடுவோம். இதற்கு நான் பசார் மாலத்தை உதாரணம் காட்டினேன். இரவுச் சந்தையில் பலகாரம் விற்கும் அக்காவுக்கு ஆயிரம் நோட்டில் ஒன்று கள்ள நோட்டு வந்தால் அவர் எந்த நோட்டையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கமாட்டார். பாதிக்குப் பாதி கள்ள நோட்டு வரத் தொடங்கினால்? ஒவ்வொரு நோட்டையும் சோதிப்பார். பறவையும் அப்படித்தான். அசல் நிறைய, நகல் கொஞ்சம் என்றிருக்கும்வரை கொத்திய பறவைக்கெல்லாம் கசப்புதான் கிடைக்கும், பாடம் நிலைக்கும். நகல் பெருகிவிட்டால் சிவப்புப் பொட்டு உள்ளதைக் கொத்திய பறவைக்கு ருசியான தீனி கிடைக்கும், பயம் போய்விடும். அதனால் வேடத்தின் மதிப்பு அசலின் எண்ணிக்கையைப் பொறுத்தது. ஜப்பானின் தென்கோடியில் உள்ள ரியூக்கியூ தீவுகளில் இதே கறிவேப்பிலை அழகியை ஆராய்ந்தவர்கள், ரோஜா அழகி அதிகம் இருக்கும் இடங்களில் வேடமிட்ட பெண்களின் பங்கும் அதிகம் என்று கண்டார்கள்.

வேடம் உடம்பில் எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்பதும் இப்போது தெரியும். 2014ல் பெங்களூரைச் சேர்ந்த கிருஷ்ணமேக் குண்டேயும் அமெரிக்க ஆய்வாளர்களும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வில், டபுள்செக்ஸ் என்ற ஒரே மரபணுதான் இந்த முழு உடுப்பையும் மாற்றும் சாவி என்று கண்டுபிடித்தார்கள். பூச்சிகளில் ஆண், பெண் வேறுபாட்டை உண்டாக்கும் மரபணு அது. வெள்ளைத் திட்டு, சிவப்புப் பொட்டு எல்லாம் தனித்தனியாகப் பிரிந்துபோகாமல் ஒரே கட்டாக மகளுக்குப் போய்ச் சேர்கின்றன. வேட வடிவம் ஓங்கு தன்மை உடையது. தாய், தந்தை இருவரில் ஒருவரிடமிருந்து வந்தாலே மகளிடம் வெளிப்படும். தந்தை அதைச் சுமப்பான், ஆனால் அவன் இறக்கையில் தெரியாது. ஆகவே ஒரே தாய் ஒரே செடியில் இட்ட முட்டைகளிலிருந்து சிவப்புப் பொட்டு அக்காவும் வெள்ளைப் பட்டைத் தங்கையும் வரலாம். எங்கள் வாளிச் செடியிலிருந்து மொத்தம் ஐந்து வெளிவந்தன. சிவப்புப் பொட்டு அந்த ஒன்றுக்கு மட்டும்தான்.

இங்கே தமிழ் வாசகர்களுக்கென்று ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும், நானே இதில் சில மாதங்கள் குழம்பியிருக்கிறேன். பட்டாம்பூச்சி பற்றித் தமிழில் கிடைக்கும் நல்ல கையேடுகளும் கட்டுரைகளும் பெரும்பாலும் தமிழகத்தை வைத்து எழுதப்பட்டவை. பெயர்களுக்கு நான் அவற்றுக்குத்தான் கடன்பட்டிருக்கிறேன். ஆனால் அங்குள்ள அசல் எல்லாம் இங்கே இல்லை. தமிழகத்தில் கறிவேப்பிலை அழகிக்கு மூன்றாவது பெண் வடிவம் ஒன்றுண்டு. அது சிவப்புடல் அழகி என்ற இன்னொரு நஞ்சுப் பட்டாம்பூச்சியைப் போலிருக்கும். சிவப்புடல் அழகி மலேசியாவில் கிடையாது. அசல் இல்லாத ஊரில் நகலுக்கு என்ன வேலை? அந்த மூன்றாவது வடிவத்தை இங்கே தேடிக் களைக்க வேண்டாம்.

இதைவிட வியப்பானது பாம்ஃப்ளை. தென்னை, பாக்கு மரங்களின் ஓலையைத் தின்று வளரும் பட்டாம்பூச்சி. கோலாலம்பூரில் குடியிருப்புப் பகுதிகளில் அழகுக்கு வைத்த பனைவகைச் செடி இருந்தாலே வந்துவிடும். தமிழகத்தில் இதன் பெண் செம்மஞ்சளில் கருப்பு நரம்போடு, வரிகள் கொண்ட டைகர் பட்டாம்பூச்சியைப் போலிருக்கும். இங்குள்ள பாம்ஃப்ளையின் பெண் கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் ஆணைப்போலவே கருப்பும் நீலமுமாக, கருப்பன் வகைப் பட்டாம்பூச்சிகளை ஒத்திருக்கும். கடல் கடந்ததும் அசலையே மாற்றிக்கொண்டது. முதல் வருடம் தமிழகப் படத்தை வைத்துக்கொண்டு செம்மஞ்சள் பெண்ணைத் தேடி புக்கிட் கியாராவில் நான் நடந்த நடை கொஞ்சமல்ல.

கருப்பன் வகை என்றேன். யூப்ளியா என்ற பேரினம்; ஆங்கிலத்தில் க்ரோ, அதாவது காக்கை. வெண்புள்ளிக் கருப்பன் தமிழகத்தில் பரிச்சயமானது. நம் நகரத்தில் நீலம் மின்னும் கருப்பன் அதிகம். இவை எல்லாம் பறவைக்குக் கசப்பவை. ஆண்கள் கிலுகிலுப்பை, தேள்கொடுக்கு போன்ற செடிகளில் மொய்த்து அங்கிருந்து காரநஞ்சு சேகரிப்பதைக் காலையில் பார்க்கலாம். இவற்றுக்குப் பின்னால் ஒரு நகல் கூட்டமே இருக்கிறது. மலேசியத் தீபகற்பத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பட்டாம்பூச்சி இனங்கள் உண்டு. அவற்றில் கருப்பன் வேடத்தைப் போலப் பலரும் போட்டுக்கொண்ட வேடம் வேறொன்று இருக்குமா என்று எனக்குச் சந்தேகம்.

அவர்களில் மூவரை மட்டும் சொல்கிறேன். முதலில் காமன் மைம். கறிவேப்பிலை அழகிக்குச் சொந்தக்காரர், அதே பப்பிலியோ பேரினம். பேசாமல் நடித்துக்காட்டுவதை மைம் என்கிறோமே, அந்தப் பெயர். இதன் புழு காட்டு லவங்கப்பட்டை மரத்து இலையைத் தின்னும். இளஞ்சிவப்புத் தளிர் விட்டுக்கொண்டு நம் சாலையோரங்களில் நிற்கும் மரம்தான். நகரம் முழுக்க நட்டிருக்கிறார்கள். காமன் மைமில் இரண்டு வடிவம்: ஒன்று கருப்பனைப் போல, மற்றது நீல வெள்ளைக் கோடுகள் கொண்ட டைகர்களைப் போல. இரண்டிலும் பின்னிறக்கையின் அடிப்பக்க ஓரத்தில் மஞ்சள் பொட்டு வரிசை இருக்கும். அசல்களுக்கு அது கிடையாது. மஞ்சள் தெரியவில்லையா, கால்களை எண்ணுங்கள். கருப்பன்கள் நிற்பது நான்கு காலில். முன்னங்கால் இரண்டும் குறுகி மார்போடு ஒடுங்கிவிட்டன. அழகிகளின் குடும்பம் ஆறு காலிலும் நிற்கும். பூவில் உட்கார்ந்த கருப்பனுக்கு ஆறு கால் தெரிந்தால் அது கருப்பனே இல்லை. ஒரு பட்டாம்பூச்சியின் காலை எண்ணி அதன் குடும்பத்தைச் சொல்லும்போது கிடைக்கும் மகிழ்ச்சி தனி.

இரண்டாவது, முன்பு சொன்ன பாம்ஃப்ளை. இதற்கும் நான்கு கால்தான், எண்ணிப் பயனில்லை. ஆனால் இறக்கையை மூடி உட்காரும்போது பிடிபட்டுவிடும். கருப்பனின் அடிப்பக்கமும் மேல்பக்கத்தைப் போலத்தான் இருக்கும். பாம்ஃப்ளையின் அடிப்பக்கம் காய்ந்த சருகு மாதிரி, செம்பழுப்பில் பொடிப் பொடியாகக் கீறல் விழுந்திருக்கும். பறக்கும்போது கருப்பன், உட்கார்ந்தால் சருகு. இறக்கை ஓரமும் கருப்பனைப்போல வழுவழுப்பாக இல்லாமல் வளைந்து வளைந்து இருக்கும்.

மூன்றாவது மலாயன் எக்ஃப்ளை. இதன் வேடத்தைவிட இதன் தாய்மை எனக்குப் பெரிது. பட்டாம்பூச்சிகள் முட்டையிட்டதோடு போய்விடும், திரும்பிப் பார்க்காது. இந்தப் பெண் இலையின் அடியில் கூட்டமாக முட்டையிட்டு, இறக்கையால் மூடியபடி அதன் மேலேயே நின்றுவிடுவாள். எறும்பு வந்தாலும் நகரமாட்டாள். சில சமயம் நின்றபடியே செத்தும் போவாள். பழுப்பான ஒரு கருப்பன் இலையடியில் அசையாமல் நெடுநேரம் நின்றால் தொந்தரவு செய்யாமல் அடியில் முட்டை இருக்கிறதா என்று பாருங்கள்.

இன்னும் ஒரு ஜோடியைச் சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் அதன் அசல் நம் கோவில்களை ஒட்டியே வாழ்கிறது. பிள்ளையாருக்கு மாலை கட்ட எருக்கு வளர்த்தால், வெந்தய வரியன் தானாக வரும். எருக்கின் பால்தான் அதன் நஞ்சு. செம்மஞ்சள் இறக்கை, கருப்பு முனை, அதில் வெள்ளைத் திட்டு. இங்கே பின்னிறக்கை வெளுத்த வடிவமும் காணப்படும். டனாயிட் எக்ஃப்ளை என்ற இனத்தின் பெண் இதன் நகல். ஆணோ துளியும் ஒட்டாமல் கருப்பில் பெரிய வெள்ளைப் பொட்டும் ஊதா மினுக்கமுமாக இருப்பான். இவர்கள் புழு தின்பது நம் வீட்டுக் கொல்லையில் முளைக்கும் பருப்புக்கீரையை. அசலையும் நகலையும் பிரிக்க, பின்னிறக்கையின் மேல்பக்கத்தில் கருப்புப் புள்ளிகளை எண்ணினால் போதும். வெந்தய வரியனில் பெண்ணுக்கு நடுவில் மூன்று, ஆணுக்கு நான்கு. நகலுக்கு மேல்விளிம்பில் ஒன்றே ஒன்று.

இதுவரை சொன்னதை வைத்துப் பார்த்தால், ஒன்று போலிருக்கும் இரண்டில் ஒன்று கட்டாயம் ஏமாற்றுகிறது என்று தோன்றும். அப்படியில்லை. கருப்பன்கள் பல இனமாக இருந்தும் ஏன் எல்லாம் ஒரே சாடையில் இருக்கின்றன? எல்லாமே கசப்பவை, எல்லாமே அசல். பிரேசிலில் வாழ்ந்த ஜெர்மானியர் ஃபிரிட்ஸ் முல்லர் 1870களின் கடைசியில் இதற்கு விடை சொன்னார். பறவைக்குப் பாடம் புகட்ட ஒவ்வோர் இனமும் சில உயிர்களைப் பலிகொடுக்க வேண்டியிருக்கிறது. எல்லாரும் ஒரே உடுப்பில் இருந்தால் அந்த இழப்பைப் பங்குபோட்டுக்கொள்ளலாம். இது முல்லர் வகை. எது எந்த வகை என்பதில் அறிவியலாளர்களே மாறியிருக்கிறார்கள். வட அமெரிக்காவில் மொனார்க் என்ற நஞ்சுள்ள பட்டாம்பூச்சியைப் போலிருக்கும் வைஸ்ராய் என்ற பட்டாம்பூச்சியை நெடுங்காலம் நஞ்சில்லாத நகலுக்கு உதாரணமாகப் பாடநூல்களில் காட்டிவந்தார்கள். 1991ல் பறவைகளை வைத்துச் சோதித்தபோது வைஸ்ராயும் கசக்கிறது என்று தெரிந்தது. ஆகவே ஒன்றை நகல் என்று சொல்லுமுன் அதன் உடம்பில் என்ன இருக்கிறது என்பதையும் யாராவது சோதித்திருக்க வேண்டும்.

பார்க்கப் போகிறவர்களுக்கு, காலை ஒன்பதிலிருந்து பதினொன்றுக்குள், வெயில் ஏறும் நேரம் நல்லது. இட்லிப்பூச் செடிக்கும் உண்ணிச் செடிக்கும் அருகே நின்றால் அவை நம்மைத் தேடி வரும். படம் எடுக்கும்போது இறக்கை விரித்த அழகான படம் ஒன்றோடு நிறுத்திவிடாமல், பக்கவாட்டில் உடம்பும் காலும் தெரிய ஒன்று, மூடிய இறக்கையின் அடிப்பக்கம் ஒன்று, எந்தச் செடியில் இருந்தது என்பதற்கு ஒன்று எடுத்துவையுங்கள். அந்த மூன்றும் இருந்தால் வீட்டுக்கு வந்த பிறகும் உட்கார்ந்து தீர்த்துக்கொள்ளலாம். மேலிருந்து எடுத்த அழகுப் படம் மட்டும் இருந்தால் பறவை ஏமாறிய இடத்திலேயே நாமும் நிற்போம்.

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் மகளோடு பெர்டானா தாவரவியல் பூங்காவுக்குப் போயிருந்தேன். சிவப்புப் பொட்டு ஒன்று தாழ்வாக வந்தது. நான் வாயைத் திறக்குமுன் அவள் புல்லில் மண்டியிட்டுக் கீழிருந்து நிமிர்ந்து பார்த்தாள். "வயிறு சிவப்பு, அத்தை. கையை ஆட்டினேன், பயப்படல." பட்டாம்பூச்சி பூக்களைத் தாண்டிப்போய் வேலியோரம் படர்ந்திருந்த ஒரு கொடியைச் சுற்றியது, இலைக்கடியில் வயிற்றை வளைத்து ஒரு கணம் நின்றது, பிறகு வந்த நிதானத்திலேயே போய்விட்டது. அவள் ஓடிப்போய் அந்த இதய வடிவ இலையை இரண்டு விரலால் மெல்லத் திருப்பினாள். அடியில் செம்மஞ்சள் நிறத்தில் ஒரே ஒரு முட்டை இருந்தது.